படம் இல்லாத ஸ்லைடு

12.4.99, திங்கள்

வெயில். எட்டு மணிக்கே வாசப்படி சுட்டது. குழாயில் தண்ணீர் வந்து இன்றோடு ஒன்பது நாள். இன்றைக்கு வரும் என்று பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா அடித்துச் சொன்னார்கள். வரவில்லை.

அத்தை பாலவனத்தத்துக்கு ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போய்விட்டார்கள். கட்டின மச்சானுக்கு மில்லில் பகல் ஷிப்ட். மகள் ரூபியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நான் சொல்லிக்கொடுக்கிற கம்ப்யூட்டர் சென்டருக்கே தூக்கிக்கொண்டு போனேன். சென்டர் நடத்துகிற செல்வம் சார் முகத்தைச் சுளிப்பார் என்று பயந்தேன். சுளிக்கவில்லை. அவருக்கு வேறு யோசனை.

"மேடம், 24-ம் தேதி சனிக்கிழமை திருச்சுழில கல்யாண மண்டபம் பிடிச்சிருக்கேன். கோடை வகுப்புக்கு ஆள் சேக்கணும். பெரிய திரையில மல்டிமீடியா காட்டணும். வெறும் எழுத்து ஸ்லைடு போட்டா நம்ம ஊர்க்காரன் பாதியிலயே எந்திரிச்சுப் போயிருவான். படம் வேணும், சத்தம் வேணும், வீடியோ வேணும். நீங்கதான் செய்யணும்."

நான் பி.எஸ்ஸி. கணிதம். அதோடு ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ். ஸ்லைடில் சத்தம் சேர்த்ததே இல்லை. சரி சார் என்று சொல்லிவிட்டேன்.

சேர்க்க வேண்டியவை:
கம்ப்யூட்டர் படம் (சி.டி.யில் இருக்கிறது)
எழுத்து பறந்து வருவது, டைப்ரைட்டர் சத்தத்தோடு
கண்ணாடி உடைவது
பஸ், பிரேக் சத்தம்
விமானம் ஏறுகிற வீடியோ
பிள்ளைகள் கை தட்டுவது
கடைசியில் ஒரு குழந்தை. "குழந்தைப் படம் போட்டா பெத்தவுக மனசு இளகும் மேடம்." இது சார். ரூபியின் பிறந்தநாள் போட்டோ போதும் என்று சொல்லிவிட்டேன். ஸ்கேன் செய்ய மதுரைக்குக் கொடுத்தனுப்புவார்.

மதியத்துக்குள் நாலு ஸ்லைடு. ரூபி மடியில். எழுத்து பறந்து வந்தால் கெக்கெக்கென்று சிரிக்கிறாள். கண்ணாடி 'சிலீர்' என்று உடைந்தது. துள்ளினாள், என் கன்னத்தில் அடித்தாள், மறுபடி போடு என்று திரையைக் காட்டினாள். ஏழு தடவை போட்டேன்.

கேட்கிறது. கேட்காமலா சிரிப்பாள்.

போன வாரம் பால்வாடி டீச்சர் சொன்னது மூன்று நாளாகத் தொண்டையில் முள் மாதிரி. "ரெண்டே கால் வயசாச்சு, அம்மான்னு கூடச் சொல்லல. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது. காதக் காமிச்சுப் பாரும்மா." இன்றைக்குத்தான் அந்த முள் இறங்கின மாதிரி.

மச்சானிடம் சொன்னேன். "நாந்தான் சொன்னேன்ல! நானே மூணு வயசுலதான் பேசுனேன்." மில்லில் கத்திப் பேசிப் பழகி வீட்டிலும் கத்தல்தான் இவருக்கு. தெருவுக்கே கேட்டிருக்கும்.

14.4.99, புதன்

வருடப்பிறப்பு. சென்டர் லீவு. பாக்கியம் அக்கா வீட்டிலிருந்து பாயசம், வடை. தூக்குச்சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கணும், மறக்கக்கூடாது.

தண்ணீர் வந்தது! காலை நாலே முக்காலுக்கு. பதினாறு குடம்.

பக்கத்து வீட்டு விசைத்தறி இன்று ஓடவில்லை. நாள் முழுக்க ரூபி தூங்கவில்லை. சிணுங்கல், முதுகை வளைத்து அழுகை.

பாக்கியம் அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "எங்க தறிச் சத்தம் இல்லாம உங்க மகளுக்குத் தூக்கம் வரமாட்டேங்குது பாரு! என்னமா காது! நாளைக்கு எங்க வீட்டுக்குத்தான் மருமகளா வரப்போறா."

அத்தை: "வரட்டும் வரட்டும். சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளைய எடுக்குறதுன்னா மொதல்ல கோழி அடிச்சுப் போடு."

சிரிப்பு. நானும் சிரித்தேன்.

இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ரெண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நாலு தறி தடதடவென்று ஓடும், இவள் பாயில் அப்படித் தூங்குவாள். கரண்ட் போய்த் தறி நின்றால் அந்த நிமிஷம் முழிப்பாள். அத்தை வருகிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்வார்கள். டீச்சரிடமும் இதைத்தான் சொன்னேன்.

அக்காவின் வைத்தியம்: வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும். தடவியாயிற்று. துப்பிவிட்டாள்.

16.4.99, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டால் மனசு ஆறுமோ என்று பார்க்கிறேன்.

அத்தைக்கு முழங்கால் வலி, ரூபியை இன்றும் கூட்டிப் போனேன். பஸ் ஸ்லைடு முடித்தேன். பிரேக் சத்தம் ஒரு நொடி முந்தி வந்தது, சரி செய்தேன். கை தட்டும் ஸ்லைடும் ரெடி. மொத்தம் எட்டு. முதலிலிருந்து ஓட்டினேன். ரூபி அதே மாதிரி. எழுத்துக்குச் சிரிப்பு. கண்ணாடிக்குத் துள்ளல். பிள்ளைகள் கை தட்டும்போது இவளும் தட்டினாள்.

அப்போது சார் உள்ளே வந்தார். "ஏன் மேடம் சத்தத்த அமத்தி வச்சிருக்கீக?"

பார்த்தால் ஸ்பீக்கர் வயர் கழன்று கிடக்கிறது. காலையில் மேசை துடைத்தபோது கழன்றிருக்கும். எனக்கு எல்லாச் சத்தமும் மனப்பாடம், அதனால் கேட்டது மாதிரியே இருந்திருக்கிறது.

இவள் ஒரு சத்தமும் இல்லாமல் அத்தனைக்கும் சிரித்திருக்கிறாள். அதே இடத்தில். அதே அளவு.

வயரைச் சொருகிவிட்டு டீ குடித்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

17.4.99, சனி

ஒன்பதாவதாக ஒரு ஸ்லைடு போட்டேன். முழுக்கக் கறுப்பு. படம் கிடையாது, எழுத்து கிடையாது. தட்டத் தட்டச் சத்தம் மட்டும் வரும், ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து.

ஸ்பீக்கரை எடுத்து ரூபி முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்தேன். அவள் நாற்காலியில், கையில் முறுக்கு.

டைப்ரைட்டர் - இல்லை
மணி - இல்லை
கை தட்டல் - இல்லை
கேமரா - இல்லை
கண்ணாடி - இல்லை
பிரேக் - இல்லை
முரசு - இல்லை
விசில் - இல்லை
துப்பாக்கி - இல்லை

பத்தாவது வெடிச் சத்தம். சவுண்டை முழுக்கத் திருகிவிட்டுத் தட்டினேன். அடுத்த அறையிலிருந்து அக்கவுண்ட்ஸ் படிக்கிற பெண்கள் ஓடிவந்தார்கள். "என்ன டீச்சர், யு.பி.எஸ். வெடிச்சிருச்சா?"

ரூபி முறுக்கைக் கடித்தாள். அந்தப் பெண்கள் கண்ணில் பட்ட பிறகுதான் திரும்பினாள். ஆளுக்கு ஒரு துண்டு நீட்டினாள்.

"ஒண்ணுமில்ல. சத்தம் சரியா இருக்கான்னு பாத்தேன்" என்றேன்.

18.4.99, ஞாயிறு

காலை ஆராதனை. கோயிலில் மணி அடிக்கும்போது மணிக்கோபுரத்துக்கு அடியிலேயே இவளோடு நின்றேன். புறா பறந்ததைப் பார்த்தாள். பிரசங்கம் என்னவென்று தெரியாது.

சாப்பாட்டுக்கு முன் மச்சானிடம் சொன்னேன். அத்தையும் இருந்தார்கள்.

"ஏ புள்ள, கம்ப்யூட்டரப் பாத்து உனக்குத்தான் மண்ட கொழம்பிருச்சு" என்று எழுந்து போய்த் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துவந்தார். ரூபி தரையில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று தாம்பாளத்தைத் தரையில் வைத்து ஓங்கி ஒரு அடி. ரூபி சட்டென்று திரும்பினாள்.

"பாத்தியா? பாத்தியாம்மா? கேக்குதுல்ல!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அத்தை "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ரூபியைத் தூக்கிக் கட்டிலில் மெத்தைமேல் உட்கார வைத்தேன். "இப்ப அடிங்க மச்சான். தரையில வைக்காம, கையில பிடிச்சுக்கிட்டு."

அடித்தார். சொப்பை உருட்டினாள். மறுபடி. காதுக்கு இன்னும் பக்கத்தில். மறுபடி. மறுபடி. பாக்கியம் அக்கா "என்னக்கா, விசேஷமா?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்கிறார்கள். இவர் நிறுத்தவில்லை. தாம்பாளம் நெளிந்துவிட்டது.

"விளையாட்டுல கவனமா இருக்கா" என்றார்.

பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கறிக்குழம்பு அப்படியே.

தரை. தரைதான் அதிர்ந்திருக்கிறது. தறிக்கும் அதுதான். தறி ஓடினால் எங்கள் வீட்டுத் தரை லேசாக நடுங்கும், நாங்கள் பழகிப்போய் மறந்துவிட்டோம். அவளுக்கு அது தாலாட்டு மாதிரி. நின்றால் முழிப்பு. இதை ரெண்டு வருஷமாகக் 'காது கூர்மை' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம். நான் கணிதம் படித்தவள்.

20.4.99, செவ்வாய்

டவுனில் குழந்தை டாக்டர். மச்சான் வரவில்லை, லீவு இல்லையாம். அத்தை வந்தார்கள். ரெண்டு மணி நேரம் பெஞ்சில்.

டாக்டர் கேட்டது: "சொந்தத்துல கட்டுனீங்களா?"
"ஆமா சார். அத்தை மகன்."
எழுதிக்கொண்டார்.
"மாசமா இருக்கயில காய்ச்சல் வந்துச்சா? மேல்ல தடிப்பு?"
"மூணாம் மாசம். ரெண்டு நாள்ல போயிருச்சு சார்."
அதையும் எழுதிக்கொண்டார்.

மதுரைக்குச் சீட்டு. 26-ம் தேதி திங்கள். தூங்க வைத்து மெஷினில் பார்ப்பார்களாம். அதுவரைக்கும் ஒன்றும் சொல்வதற்கில்லையாம்.

எதனால்?
சொந்தம்.
அந்தக் காய்ச்சல். தம்பி பிள்ளைக்கு மேலெல்லாம் தடிப்பு, போய்ப் பார்க்காதே என்று அம்மா சொன்னாள். போனேன்.
தறிச் சத்தம்? (டாக்டரிடம் கேட்டேன், இல்லை என்றார்.)
நான் தொட்டிலில் இருந்து கீழே போட்டது, ஏழு மாதத்தில். யாருக்கும் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் அத்தை ரூபியை மடியில் போட்டுக்கொண்டார்கள். பிறகு, "அவுக கேட்டது எனக்கும் கேட்டுச்சு. நாந்தான உங்கப்பன்ட்ட வந்து உன்னைய எம்மகனுக்குக் கேட்டேன். ஏழு பவுன் போடுறேன்னு வேற எடத்துல வந்தாக. நாந்தான் விடல."

இல்லை அத்தை என்று சொல்லியிருக்கணும். ரூபி அவர்கள் சேலை முந்தியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

22.4.99, வியாழன்

வெயில், புழுதி. சீமைக்கருவேலங்கூட வாடித் தொங்குகிறது.

வேலை முடியணும். இன்னும் ரெண்டே நாள். மைக்கில் விளக்கம் பேசி ரெக்கார்ட் செய்தேன். "வணக்கம். இது கம்ப்யூட்டர் யுகம்..." நாலு தடவை அழித்துவிட்டு மறுபடி பேசினேன்.

ரெக்கார்ட் செய்யும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி. அதில் பச்சைக் கோடு. பேசினால் கோடு துள்ளும், நிறுத்தினால் நேராகும். ரூபி (அத்தைக்கு இன்னும் முழங்கால்) கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். மறுபடி என் வாய்.

பிறகு மைக் பக்கம் குனிந்து, "ஆ!"

கோடு குதித்தது.

அப்படியே நின்றுவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான்தான் செய்தேனா என்று. மறுபடி "ஆ!" மறுபடி குதித்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. "ஆ! ஆ! ஆ!" சார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் போட்டோ மதுரையிலிருந்து ஃப்ளாப்பியில் வந்திருந்தது. அதைக் கடைசி ஸ்லைடில் வைத்தேன், 'நன்றி' என்று எழுதி. போட்டோ திரை நிறைய வந்ததும் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி "ஆ!" என்றாள். அந்த "ஆ"வை நாலு நொடி ரெக்கார்ட் செய்து அந்தப் படத்திலேயே சேர்த்தேன். சாரிடம் கேட்கவில்லை. யாராவது கேட்டால் குழந்தை சத்தம், நல்லா இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மொத்த ஊரும் ஒரு தடவையாவது கேட்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

24.4.99, சனி

திருச்சுழி. நடந்ததை வரிசையாக.

எங்கள் மெஷினைத் தூக்கிப் போனால் ரோட்டில் குலுங்கிக் கெட்டுவிடும் என்று சார் அங்கேயே ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் கம்ப்யூட்டருக்கு ஏற்பாடு செய்திருந்தார். பெரிய திரைக்கு மதுரையிலிருந்து புரொஜெக்டர். ஸ்பீக்கர் நாங்கள் கொண்டுபோனது. ஸ்லைடு எல்லாம் நாலு ஃப்ளாப்பியில்.

மண்டபம் நிறைந்துவிட்டது. நரிக்குடியிலிருந்துகூட வேன் வைத்து வந்திருந்தார்கள். ரூபியும் அத்தையும் முன் வரிசையில். ரூபிக்கு மஞ்சள் கவுன். மச்சான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து பின்னால் நின்றார், அது எதிர்பாராதது.

ஸ்பீக்கர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினின் பின்பக்கம் தடவித் தடவித் தேடுகிறேன்.

"சார், இதுல சத்தத்துக்குச் சொருக ஓட்டையே இல்ல."

"என்ன மேடம் சொல்றீக?"

"சவுண்டு கார்டே போடல சார் இதுல."

ஜெராக்ஸ் கடைக்காரர்: "எனக்கு எதுக்குங்க சவுண்டு? நான் பத்திரம் அடிக்கிறவன்."

சாருக்கு வேர்த்துவிட்டது. "போடுங்க. படமாவது ஓடட்டும்."

ஓட்டினேன். எழுத்துகள் பறந்து வந்தன, சத்தமில்லாமல். கண்ணாடி உடைந்தது, சத்தமில்லாமல். பஸ் வந்து நின்றது. முதலில் பேசாமல் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து,

"என்னண்ணே, ஊமப்படமா?"

"ஏலே, சும்மா இருலே, இனிமேதான் பேசும்."

"காதுல பஞ்சக் கிஞ்ச வச்சிருக்கமா?"

சிரிப்பு. சார் என்னிடம், "நீங்க வாயால சொல்லுங்க மேடம்." மைக்கைப் பிடித்தேன். "இது..." அதற்கு மேல் வரவில்லை. நானே செய்த படம், நானே வைத்த சத்தம். திரையைப் பார்த்தால் என்னவோ வருகிறது, பறக்கிறது, உடைகிறது, எதற்கென்று ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் ரூபி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்குச் சிரித்தாள். கண்ணாடிக்குத் துள்ளினாள்.

விமான வீடியோ இடத்தில் வெறும் கட்டம். ஓடவே இல்லை. ஃப்ளாப்பியில் வீடியோ ஏறவில்லை, அது சென்டர் மெஷினில் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் ஏறியிருக்கிறது. இது எனக்குத் தெரிந்திருக்கணும். தெரியவில்லை. என் தப்பு.

பிள்ளைகள் கை தட்டுகிற ஸ்லைடு. ரூபி தட்டினாள். அவளைப் பார்த்து முன் வரிசைப் பிள்ளைகள் சிலரும் தட்டினார்கள்.

அடுத்தது கறுப்பு.

நான் அழிக்கவில்லை. அந்த ஒன்பதாவது ஸ்லைடு, படம் இல்லாதது, அப்படியே இருந்திருக்கிறது. தட்டுக்கு ஒன்றாகப் பத்துச் சத்தமும் முடிகிறவரை அது நகராது. மண்டபம் முழுக்க இருட்டு.

"கரண்ட் போயிருச்சா?"

"ஃபேன் ஓடுதுல்லப்பா."

"அப்ப பல்பு பீஸு போயிருச்சு."

என்ன தட்டினாலும் நகரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன். இருட்டில் ரூபி திரும்பி என்னைத் தேடினாள். அவள் முகம் தெரிந்தது, புரொஜெக்டர் வெளிச்சத்தின் ஓரத்தில். என்ன ஆச்சு என்கிற மாதிரி. நான் கையை விரித்துக் காட்டினேன். அவளும் கையை விரித்துக் காட்டினாள்.

பதினொன்றாவது தட்டில் அடுத்தது வந்தது. திரை நிறைய ரூபி. 'நன்றி.'

"ஆ!" என்று எழுந்து நின்று கத்தினாள். நெஞ்சைத் தொட்டுக்கொண்டு. அப்படி ஒரு கத்தல், மண்டபத்தின் அந்தக் கோடி வரைக்கும்.

பின்னாலிருந்து ஒருவர்: "வந்துருச்சுப்பா! சத்தம் வந்துருச்சு!"

மண்டபமே சிரித்துக் கை தட்டியது. மச்சான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை தலையைக் குனிந்து முந்தியால் மூக்கைத் துடைத்தார்கள்.

சார் வழியெல்லாம் நோட்டில் பெயர்களை எண்ணிக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "பதினோரு பேர் சேந்திருக்காங்க மேடம். பரவால்ல. ஆனா அந்தக் கறுப்பு ஸ்லைடு எதுக்கு வச்சீக?"

டெஸ்ட்டுக்கு என்றேன்.

26.4.99, திங்கள்

காலை 5.40 பஸ், காரியாபட்டி வழி. நான், மச்சான், ரூபி. எடுத்துப் போனவை: சீட்டு, பால் புட்டி, மாற்று ஜட்டி ரெண்டு, முறுக்கு.

தூக்க மருந்து குடித்துத் துப்பி, மறுபடி குடித்து, பத்தரைக்குத்தான் தூங்கினாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டினார்கள். காதில் சத்தம் விடுகிறார்களாம், மூளை பதில் சொன்னால் திரையில் தெரியுமாம்.

திரையில் ஒரு கோடு. நான் பார்த்த அதே மாதிரி ஒரு கோடு. குதி, குதி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த டெக்னீசியன் பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். கூட்டக் கூட்ட என் பக்கம் திரும்புவதைக் குறைத்துக்கொண்டாள்.

ரெண்டு காதும்.

கருவி வைத்தால் கொஞ்சம் தெரியலாமாம். பயிற்சி கொடுக்கணுமாம். பேச்சு எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாதாம். மச்சான் டாக்டரிடம், "சத்தமாப் பேசுனாலுமா சார்?" என்று கேட்டார். டாக்டர் அதற்கு எழுதுவதை நிறுத்தவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மச்சான் என் காதருகே மெல்ல, "பசிக்குதா?" என்றார். கல்யாணமாகி நாலு வருஷம். இவருக்கு மெல்லப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு வீடு. மருந்து மயக்கம் தீராமல் ரூபி மறுபடி பாயில் தூங்கிவிட்டாள். அத்தை எங்கள் முகத்தைப் பார்த்தார்கள், அடுப்படிக்குப் போனார்கள். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் பதித்துப் பார்த்தேன். முதலில் தெரியவில்லை. கண்ணை மூடினேன். பிறகு தெரிந்தது, மணிக்கட்டு வரைக்கும்.

கரண்ட் போயிற்று. கைக்குக் கீழே தரை நின்றது.

ரூபி கண்ணைத் திறந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாக்கியம் அக்கா, "முழிச்சிட்டாளா எம்மருமக?" என்று கேட்டார்கள்.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டி என்னைப் பார்த்தார்கள். நான் தரையிலிருந்து கையை எடுத்து, ரூபியைப் பார்த்து விரித்துக் காட்டினேன்.